திறவாத பக்கக் கோப்புகளும் தமிழ்ப் பாடமீட்பும்

1980களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ் நூலாக்கம் ஈய அச்செழுத்துகளை விட்டுக் கணிப்பொறி அச்சுக்கோப்புக்கு மாறலாயிற்று. 1990களில் வெளிவந்த அகராதிகள், சொல்லடைவுகள், வட்டார வழக்குத் தொகுப்புகள், நாட்டார் பாடல் திரட்டுகள், பாடநூல்கள் ஆகியவற்றுள் பல பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோக்கப்பட்டவை. நூல் அச்சேறியபின் அக்கோப்புகள் நெகிழ்வட்டுகளிலோ குறுந்தகடுகளிலோ இட்டு வைக்கப்பட்டன. இன்று அந்நூல்களுக்கு மறுபதிப்பு வேண்டப்படும்போது, கோப்பு இருக்கிறதே, அச்சிட்டுவிடலாம் என்னும் நம்பிக்கையுடன் பணி தொடங்கப்படுகிறது. ஆனால் கோப்பு திறப்பதில்லை. திறந்தாலும் திரையில் தமிழ் தோன்றுவதில்லை.

இவ்விரு நிலைகளும் ஒரே பழுதின் இரு வெளிப்பாடுகள் என்று கருதப்படுவதால் மீட்புப் பணி பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. கோப்பு திறவாமை கலத்தைப் பற்றியது. தமிழ் தோன்றாமை அக்கலத்தினுள் இருக்கும் எழுத்தைப் பற்றியது. முன்னதைக் கணிப்பொறி வல்லுநர் தீர்த்துவிட இயலும். பின்னதைத் தீர்க்க மொழியறிவு வேண்டும். முன்னதைத் தீர்க்கும் முயற்சியில் பின்னதற்கான ஒரே திறவுகோல் அழிக்கப்பட்டுவிடுவதும் உண்டு என்பதால், இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது.

1. கலத்தை அறிதல்

எந்தச் சோதனைக்கும் முன்பு கோப்பின் படியொன்றை எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வைத்தல் வேண்டும். பழைய நெகிழ்வட்டு ஒருமுறை படிக்கப்பட்டு மறுமுறை படிக்கப்படாமல் போவது இயல்பு. ஆகவே வட்டிலிருந்து நேரே கோப்பைத் திறந்து பார்ப்பது தவிர்க்கத்தக்கது. வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் வன்தட்டுக்கு மாற்றிய பின்னரே ஆய்வு தொடங்க வேண்டும்.

அடுத்துக் காணத்தக்கது கோப்பின் அளவு. அளவு சுழியம் எனக் காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. எந்த மென்பொருளாலும் பயனில்லை. மேக்கின்டோஷ் கணிப்பொறியிலிருந்து விண்டோஸ் கணிப்பொறிக்கு வந்த எழுத்துருக் கோப்புகளில் இந்நிலை அடிக்கடி நேர்கிறது. மேக்கின்டோஷில் ஒரு கோப்பு இரண்டு கிளைகளாகச் சேமிக்கப்படும். எழுத்துருவின் தரவு முழுவதும் இரண்டாம் கிளையில் இருக்கும். விண்டோஸுக்குரிய வட்டில் படியெடுக்கும்போது முதற்கிளை மட்டுமே செல்வதால் பெயர் வந்து சேரும், பொருள் வந்து சேராது. இவ்வாறாயின் மூல மேக்கின்டோஷ் வட்டைத் தேடுவதே வழி.

அளவு சரியாக இருப்பின், கோப்பின் பெயர் ஈற்றை நோக்கலாம். பேஜ்மேக்கர் ஐந்தாம் பதிப்பு பி.எம்.5 என்றும், ஆறாம் பதிப்பு பி.எம்.6 என்றும், 6.5 பதிப்பு பி.65 என்றும், ஏழாம் பதிப்பு பி.எம்.டி. என்றும் பெயர் ஈறு இடும். ஆயினும் ஈறு மாற்றி எழுதப்படக்கூடியது. ஏட்டின் மேலட்டையில் பிறர் எழுதிய தலைப்பைப் போன்றது அது. உள்ளே இருப்பது வேறு நூலாகவும் இருக்கலாம். கோப்பின் தொடக்க எண்களே நம்பத்தக்க சான்று. எந்தக் கோப்பையும் எண்களாகக் காட்டும் எளிய மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றில் திறந்து முதல் சில எண்களைக் கண்டால் இனம் புலப்படும். தொடக்கத்தில் பி.கே. என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் தோன்றினால் அது சுருக்கப்பட்ட கட்டு. விரித்த பின்னரே உள்ளிருக்கும் கோப்பு கிடைக்கும். 1.44 மெகாபைட் கொள்ளளவே கொண்ட நெகிழ்வட்டுகளில் பெரிய நூல்களைச் சேமிக்கச் சுருக்கிப் பல வட்டுகளில் பிரித்து வைப்பது அக்கால வழக்கம். அவ்வாறு பிரிக்கப்பட்டதில் ஒரு வட்டுத் தொலைந்தாலும் கட்டு முழுமையாக விரியாது.

2. பதிப்புகளின் ஏணி

பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தால் மேக்கின்டோஷுக்கென வெளியிடப்பட்டது. 1994இல் ஆல்டஸ், அடோபி நிறுவனத்துடன் இணைந்தது. 1999இல் அடோபி இன்டிசைன் என்னும் புதிய மென்பொருளை வெளியிட்டது. 2001இல் வந்த ஏழாம் பதிப்புடன் பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. இந்த வரலாறு மீட்புப் பணியின் வழியையே காட்டுகிறது. பேஜ்மேக்கரின் பிந்தைய பதிப்பு முந்தைய பதிப்பின் கோப்பைப் பெயர்த்துத் திறக்கும். முந்தையது பிந்தையதைத் திறவாது. இன்டிசைனின் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் ஆறாம் பதிப்பு முதலான கோப்புகளை ஏற்றன. ஆகவே ஐந்தாம் பதிப்பின் கோப்பை இன்டிசைனில் நேரே திறக்க முயல்வது வீண். அதனை முதலில் பேஜ்மேக்கர் 6.5 அல்லது 7இல் திறந்து சேமித்து, அதன் பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பழைய மென்பொருளை இயக்கப் பழைய இயக்க அமைப்பு வேண்டும். பழைய கணிப்பொறி கிடைக்காவிடில் இன்றைய கணிப்பொறியினுள்ளேயே மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றை அமைத்து அதில் விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற அமைப்பை நிறுவலாம். இங்கு ஒரு சிறு குறிப்பு. பேஜ்மேக்கர் அச்சுப்பொறியை நோக்கியே பக்கத்தை அமைப்பது. இயல்பு அச்சுப்பொறி எதுவும் நிறுவப்படாத கணிப்பொறியில் அது முறையாகச் செயற்படாது. கோப்பில் குறை இருப்பதாக எண்ணி நாள்களைச் செலவிட்ட பின்னர், ஏதேனும் ஓர் அச்சுப்பொறியின் இயக்கியை நிறுவியதும் கோப்பு திறந்துகொள்வது உண்டு.

கட்டற்ற மென்பொருள்களிலும் ஒரு வழி உள்ளது. 2015இல் வெளிவந்த லிப்ரே ஆபிஸ் 4.4 பதிப்பில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பக்க அமைப்பு அப்படியே வரும் என எதிர்பார்த்தல் கூடாது; பாடத்தை எட்டுவதற்கு இது பெரிதும் உதவும்.

கோப்பு திறந்தும் நடுவில் நின்றுவிடுமாயின் பேஜ்மேக்கரினுள்ளேயே மறுகோப்புச் சோதனை ஒன்று உண்டு. சோதனையின் முடிவில் ஒருமுறை ஒலித்தால் குறையில்லை என்றும், இருமுறை ஒலித்தால் குறை கண்டு களையப்பட்டது என்றும், மும்முறை ஒலித்தால் களைய இயலாத குறை என்றும் பொருள். மும்முறை ஒலித்த கோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்துப் புதிய கோப்பில் சேர்ப்பதே தக்கது.

எவ்வழியிலும் திறவாத கோப்பிலும் பாடம் பெரும்பாலும் அழிந்துபோவதில்லை. கோப்பை எண்களாகக் காட்டும் மென்பொருளில் எழுத்துத் தொடர்கள் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஆனால் இத்துண்டுகளை நம்புவதில் எச்சரிக்கை தேவை. பேஜ்மேக்கரில் வழக்கமான சேமிப்பு, மாற்றங்களைக் கோப்பின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போகும். வேறு பெயரில் சேமிக்கும்போதுதான் பழையவை நீக்கப்பட்டுக் கோப்பு சுருங்கும். ஆதலால் மெய்ப்புத் திருத்தத்துக்கு முந்தைய பாடமும் பிந்தைய பாடமும் ஒரே கோப்பினுள் அருகருகே கிடக்கக்கூடும். இரண்டில் எது இறுதிப் பாடம் என்பதை அச்சுநூலே கூற வேண்டும்.

3. எழுத்துருவின் பெயர்

கோப்பு திறந்த மறுகணமே மீட்பின் மிக இக்கட்டான கட்டம் வந்துவிடுகிறது. பழைய தமிழ் எழுத்துரு கணிப்பொறியில் இல்லையாயின், அதற்கு மாற்றாக வேறோர் எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்று மென்பொருள் வினவும். மாற்றம் தற்காலிகமானதா, நிலையானதா என்னும் தெரிவும் அதில் இருக்கும். நிலையானது என்பதைத் தெரிவு செய்து சேமித்துவிட்டால் மூல எழுத்துருவின் பெயர் கோப்பிலிருந்து நீங்கிவிடும். செய்தவர் கண்ணுக்கு இழப்பு எதுவும் தெரியாது. திரையில் முன்பும் பொருளற்ற எழுத்துகள், பின்பும் பொருளற்ற எழுத்துகளே. எனினும் இழக்கப்பட்டது அந்த எழுத்துகளுக்குப் பொருள் தரும் ஒரே சான்று.

இதன் காரணம் அக்காலத் தமிழ் எழுத்துருக்களின் அமைப்பில் உள்ளது. அன்றைய மென்பொருள்கள் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களை மட்டுமே அறிந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் உரியது. தமிழ் எழுத்துரு வடிவமைத்தோர் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களை இவ்விடங்களில் அமர்த்தினர். சிலர் பிற்பாதியில் மட்டும் அமர்த்தினர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டனர். இந்தியத் தர நிறுவனம் 1991இல் இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தை வெளியிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களை அறிவித்தது. இணையவழிக் கலந்துரையாடலில் உருவான டிஸ்கியும் வழக்குக்கு வந்தது. ஆனால் இவற்றுக்கு முன்பே வெளியான எழுத்துருக்களும், இவற்றைப் பொருட்படுத்தாது பின்னர் வெளியானவையும் தத்தம் வழியே சென்றன.

இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையைத் தழுவிய இவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. கோப்பில் உள்ளவை இந்த ஐந்து குறிகளே. தமிழ் அங்கு இல்லை. பாமினி என்னும் பெயரோடு சேர்ந்தபோதுதான் அது தமிழாகிறது. வேறோர் எழுத்துருவில் அதே ஐந்து குறிகள் வேறு ஐந்து வடிவங்களைக் காட்டும்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியொன்றில் இதன் விளைவு கடுமையானது. ஆங்கிலத் தலைச்சொல்லும் தமிழ்ப் பொருளும் ஒரே எண்களில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்ன பகுதி ஆங்கிலம், இன்ன பகுதி தமிழ் எனப் பிரித்துக் காட்டுவது எழுத்துருவின் பெயர் ஒன்றே. பாடத்தை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியேற்றினால் அப்பெயர் உதிர்ந்துபோகும். பின்னர் குறியேற்ற மாற்றியில் இட்டால் தலைச்சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். எனவே எழுத்துருவின் பெயரை உடன் சுமந்துவரும் ஆர்.டி.எஃப். வடிவில் வெளியேற்றுதலே முறை. இந்த ஒரு கவனம் பல மாதப் பணியை மிச்சப்படுத்தும்.

எழுத்துருக் கோப்பு கையில் இருந்தும் பயன்படாத நிலையும் இன்று தோன்றியுள்ளது. அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை 2023 ஜனவரியில் நிறுத்தியது. அவ்வகைத் தமிழ் எழுத்துருவில் கோக்கப்பட்டு அதுவரை சிக்கலின்றிக் காட்சியளித்த கோப்பு, மென்பொருளைப் புதுப்பித்தவுடன் எழுத்துரு இல்லை என்று முறையிடும். இங்குக் கோப்பிலும் குறையில்லை, எழுத்துருவிலும் குறையில்லை.

4. ரகரமும் காலும்

எழுத்துரு இன்னதென அறிந்தபின் குறிகளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டது. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது. பழைய எழுத்துருக்கள் எழுத்தின் வடிவத்தைச் சேமித்தன. ஒருங்குறி எழுத்தையே சேமிக்கிறது. ‘கொ’ என்பது பழைய முறையில் ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையில் மூன்று குறிகள். ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டே. இவ்வேறுபாட்டைக் கடக்கும் இடத்தில்தான் பிழைகள் புகுகின்றன.

தட்டச்சுப் பழக்கத்தில் வந்தோர் ரகர மெய்யை ரகரத்தின் மேல் புள்ளியிட்டு எழுதாமல் காலின் மேல் புள்ளியிட்டு எழுதினர். ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றுக்கும் காலின்மேல் இகர ஈகாரக் குறிகளை இட்டனர். அச்சில் வடிவம் ஒன்றே ஆதலால் குறை தோன்றவில்லை. கோப்பில் மட்டும் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் கால் அமர்ந்திருந்தது. ‘தெரியும்’ என்னும் சொல் ஒற்றைக் கொம்பு, தகரம், கால், இகரக் குறி என்று தொடங்கும். மாற்றி மென்பொருள் முதல் மூன்றையும் கூட்டித் ‘தொ’ என ஆக்கிவிட, ‘தொியும்’ என்னும் இல்லாத சொல் பிறக்கிறது. இதே வழியில் ‘சேர்த்து’ என்பது ‘சோ்த்து’ ஆகிறது; ‘அவர்’ என்பது கண்ணுக்கு ஏறக்குறைய அவ்வாறே தோன்றினும் உள்ளே காலும் புள்ளியுமாகவே இருக்கிறது. பின்னர் அச்சொல்லைத் தேடினால் கணிப்பொறி இல்லை என்கிறது. அகர வரிசைப்படுத்தினால் தவறான இடத்தில் போய் நிற்கிறது. சொல்லடைவு ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கேடில்லை.

தீர்வு விதிகளின் வரிசையில் உள்ளது. தமிழில் காலின்மேல் புள்ளியோ இகர ஈகாரக் குறிகளோ வருதற்கு இடமில்லை. ஆகவே அவ்வாறு வரும் கால் அனைத்தும் ரகரமே எனத் துணிந்து முதலில் மாற்றிவிட வேண்டும். கொம்பையும் காலையும் கூட்டும் விதி அதன் பின்னரே செயற்பட வேண்டும். வரிசை மாறினால் விதிகள் இரண்டும் சரியாக இருந்தும் விளைவு பிழையாகும்.

சுவடிப் பதிப்பாசிரியர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஏட்டெழுத்தில் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. சொல்லையும் யாப்பையும் நோக்கியே அவர்கள் ரகரத்தைக் காலிலிருந்து பிரித்தனர். அச்சு ஒழித்த அம்மயக்கம் கணிப்பொறிக் கோப்பினுள் மீண்டும் குடிபுகுந்தது வியப்புக்குரியது.

5. ஔகாரமும் வட்டார வழக்கும்

ரகரத்துக்கு விதி போதும். ஔகாரத்துக்கு விதி போதாது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பிற்குறியும் ளகரமும் பெரும்பாலும் ஒரே இடத்தைப் பெற்றன. ஆகவே கொம்பு, ககரம், ளகரம் என்னும் தொடர் ‘கௌ’ ஆகவும் இருக்கலாம்; ‘கெள’ ஆகவும் இருக்கலாம். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் அது ளகரமே. ‘வெள்ளம்’, ‘வெளி’ ஆகியன இவ்வாறு பிழையின்றித் தேறும். எதுவும் வராவிடில் ஔகாரம் எனக் கொள்ளலாம். ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘பௌத்தம்’, ‘வௌவால்’ ஆகியன தேறும். பொதுத்தமிழில் எழுதப்பட்ட நூலுக்கு இவ்விதி ஏறக்குறைய முழுமையாகப் பொருந்துகிறது.

பேச்சு வழக்கில் அது பொருந்துவதில்லை. பொதுத்தமிழின் இகரம் பல வட்டாரங்களில் எகரமாக ஒலிக்கிறது. ‘கிளம்பு’ என்பது ‘கெளம்பு’ என்றும், ‘விளக்கு’ என்பது ‘வெளக்கு’ என்றும், ‘விளையாட்டு’ என்பது ‘வெளயாட்டு’ என்றும் பதிவு செய்யப்படுகின்றன. மேற்கண்ட விதி இவற்றைக் ‘கௌம்பு’, ‘வௌக்கு’, ‘வௌயாட்டு’ என மாற்றிவிடும். வட்டார வழக்குச் சொல்லகராதியையோ நாட்டார் பாடல் தொகுப்பையோ இவ்விதிக்கு உட்படுத்தினால், களத்தில் கேட்டுப் பதிந்த ஒலிமாற்றத்தின் சான்றே திரிந்துபோகும். பிற்காலத்தில் அத்தரவைக் கொண்டு ஒலியியல் ஆய்வு செய்வோர், அவ்வட்டாரத்தில் ஔகாரம் வழங்கியது என்று முடிவு கட்டவும் இடமுண்டு. பாடலைத் தந்தவரோ தொகுத்தவரோ இன்று இல்லாதிருக்கும் நிலையில் அம்முடிவை மறுக்க அச்சுநூல் தவிர வேறு சான்று இராது. அச்சிலும் அவ்விரு வடிவங்கள் ஒன்றுபோலவே இருந்திருக்கும் என்பது நினைக்கத்தக்கது.

இவ்வகைத் தொகுப்புகளில் ஔகாரத்தை மாற்றிக்கு விடாமல், ஐயத்துக்கிடமான வடிவங்கள் அனைத்தையும் தனியே பட்டியலிட்டு வழக்கறிந்தவர் ஒருவர் ஒவ்வொன்றாகத் துணிவதே நன்று. பட்டியலில் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருமாதலால் உழைப்பு அஞ்சுமளவுக்கு இராது.

6. கோப்பும் அச்சுநூலும்

மீட்ட பாடத்தை ஒப்பிட வேண்டியது அச்சுநூலுடனாகும். கோப்பே மூலம், அச்சு அதன் படி என்று எண்ணுவது இயல்பு. 1990களின் நடைமுறை அதற்கு மாறானது. இறுதி மெய்ப்பில் கண்ட பிழைகளுக்காகப் பக்கம் முழுவதையும் மீண்டும் எடுக்காமல், திருத்திய வரியை மட்டும் தனியே அச்சிட்டு வெட்டி, மூலத்தாளில் ஒட்டிப் படமெடுக்கும் வழக்கம் அச்சகங்களில் இருந்தது. அத்திருத்தங்கள் அச்சில் உண்டு, கோப்பில் இல்லை. கோப்பிலிருந்து நேரே மறுபதிப்பு வெளியிட்டால் முதற்பதிப்பில் களையப்பட்ட பிழைகள் இரண்டாம் பதிப்பில் உயிர்பெறும்.

ஒப்பீடு முடிந்தபின் சேமிக்க வேண்டியவை நான்கு: தொடப்படாத மூலக் கோப்பு, அதற்குரிய எழுத்துரு, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். படி, ஒருங்குறிப் பாடம். இவற்றோடு எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், மாற்றத்தில் கையாண்ட விதிகளின் வரிசை, ஐயவடிவங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு நூலின் அலுவலகப் படியில் இணைத்து வைத்தல் தக்கது. தாளைத் திறக்க மென்பொருள் வேண்டுவதில்லை.